மடியில் செல்லம், சாக்கில் வனவிலங்கு

அத்தியாயம் ஏழு

அருளானந்தத்தின் வீட்டு கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகை மூன்று மொழிகளில் தொங்கியது. அந்த வீட்டில் நாய் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை என்று எதிர்ச் சாரிச் சோடாக்கடைக்காரர் சொன்னார்.

"நாயே இல்லாத வூட்டுல பலகை எதுக்கு மதாம்?" என்றான் அம்மாவாசை, சைக்கிளை மதிலில் சாய்த்தபடி.

"ஜாக்கிரதையா இருன்னுதானே போட்டிருக்கு. அதுல ஒண்ணும் பொய்யில்ல" என்று பெர்னதெத் தன் பழைய சோலெக்ஸ் வண்டியை நிறுத்திவிட்டு மணியை அடித்தாள்.

பெர்னதெத்துக்கு நாற்பத்தாறு வயது. கோர்ட்டில் பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழாக்கும் வேலையில் இருபது வருஷம் இருந்தவள். எத்தனை பெரிய மனிதர்கள் எத்தனை மொழிகளில் பொய் சொல்கிறார்கள் என்று அங்கே பார்த்துச் சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டு உப்பளம் பேட்டையில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அம்மாவாசை மில்லில் தறி ஓட்டியவன். மில் ஆள் குறைத்தபோது முதலில் குறைந்தவன் அவன்தான். காரணம், அவன் வாய். அந்த வாய்க்காகவே பெர்னதெத் அவனைச் சேர்த்துக்கொண்டாள். சுள்ளென்று ஒரு வார்த்தை விழுந்தால் எதிராளி மறைத்து வைத்ததைக் கொட்டிவிடுவான் என்பது அவள் கணக்கு.

விஷயம் இதுதான். நேற்றுச் சாயங்காலம் பிள்ளைச்சாவடி சாலையில், சாராய பாட்டில் தேடி பஸ்ஸை நிறுத்திய போலீஸார் ஒரு சாக்கைக் கவிழ்த்தார்கள். பாட்டில் விழவில்லை. ஓர் ஆமை விழுந்தது. ஓட்டில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட கட்டாமை. சாக்கைத் தூக்கி வந்தவன் கண்ணையன், பதினெட்டு வருஷமாக அருளானந்தம் வீட்டுத் தோட்டக்காரன். "ஐயாதான் குடுத்தனுப்பிச்சாரு. மெட்ராஸ் கார் ஒண்ணு நிக்கும், அதுல ஏத்திடுன்னாரு" என்றான் அவன். "நானா?" என்றார் ஐயா. அந்த ஒரு வார்த்தையோடு வனவிலங்கைப் பிடித்துக் கடத்திய குற்றம் கண்ணையன் தலையில் இறங்கிவிட்டது. வீட்டு ஆமையைச் சோதிக்க வருவதாகப் போன வாரம்தான் ஐயாவுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்த வன இலாகா ரேஞ்சர் ஜானகிராமன், இன்று மூன்று மணிக்கு அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார். நிறுத்தினால் ஜெயில்தான்.

விடிவதற்குள் கண்ணையனின் மனைவி கன்னியம்மாள் உப்பளத்துக்கு ஓடி வந்துவிட்டாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், நடுவே இரண்டு விஷயம் சொன்னாள். அந்த இரண்டையும் பெர்னதெத் மடியில் முடிந்து வைத்திருந்தாள்.

அருளானந்தம் சில்க் ஜிப்பாவில் வந்து கதவைத் திறந்தார். கடற்கரைப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். பழைய சாமான் என்பது பேச்சுக்குத்தான். போன மாசம் செய்த நாற்காலியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, கவர்னர் உட்கார்ந்தது என்று வெள்ளைக்காரர்களுக்கு விற்பார். கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மாவாசைக்குத் துப்ப வேண்டும் போலிருக்கும். இன்று வீட்டுக்குள்ளேயே வந்திருப்பதால் விழுங்கிக்கொண்டான்.

"வாங்க மதாம், வாங்க. அந்தக் கண்ணையன் விஷயம்தானே? பாவம்தான். ஆனா காட்டு மிருகத்தைப் பிடிக்கிறது தப்பில்லையா? நான் உயிர்ங்க மேல பிரியம் வெச்சவன். அதோ பாருங்க, எங்க ஜெனரால். எங்கப்பா காலத்துலேருந்து இந்த வூட்டுப் பிள்ளை."

தோட்டத்து மாமரத்தடியில் ஓர் இரும்பு முளை. முளையிலிருந்து பித்தளைச் சங்கிலி. சங்கிலியின் மறு நுனி ஓர் ஆமையின் ஓட்டோரத் துளையில் மாட்டியிருந்தது. முளையைச் சுற்றி வட்டமாகப் புல் தேய்ந்து, செம்மண் தெரிந்தது. செக்கு மாடு நடந்த தடம் போல அத்தனை சுத்தமான வட்டம்.

"பிள்ளைக்கு எதுக்கு முசே சங்கிலி?" என்றான் அம்மாவாசை.

"ஓடிப் போயிடக் கூடாதுல்ல?"

"இருபது வருஷம் சோறு போட்டு வளத்த பிள்ளையா ஓடிப் போவும்?"

அருளானந்தம் அவனைக் கால்முதல் தலைவரை பார்த்துவிட்டு, பதில் சொல்லத் தகுதியில்லாதவன் என்று முடிவு கட்டி, பெர்னதெத் பக்கம் திரும்பினார். அவள் அதற்குள் புல்லில் குந்தி, துளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். துளை காசு போல உருண்டையாக இருந்தது. உள்ளோரம் வெள்ளை வெளேரென்றிருந்தது.

"சங்கிலியைக் கொஞ்சம் கழட்டுங்களேன் முசே. பிள்ளை நடக்கிற அழகைப் பாக்கலாம்."

கழற்றினார். பிள்ளை நடந்தது. அப்பா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாமரத்து நிழலை விட்டு, கொதிக்கிற வெயிலில், வேலியைக் குறிவைத்து நேர்கோட்டில் போயிற்று. ஆமைக்கு அத்தனை வேகம் உண்டு என்று அம்மாவாசைக்கு அன்றுதான் தெரிந்தது.

"வெய்யிலுக்கு ஒதுங்குது" என்றார் அருளானந்தம், ஓடிப்போய் அதை வேலியோரமாக மடக்கித் தூக்கியபடி.

"ஆமா. வெய்யிலுக்கு பயந்து வெய்யில்லயே ஒதுங்குது. புத்திசாலிப் பிள்ளை" என்றான் அம்மாவாசை.

அருளானந்தத்தின் காது சிவந்தது. உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தார். கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டி வைத்திருந்த காகிதம்.

"இதோ பாப்பியே. சட்டம் வந்தப்பவே, எழுபத்தாறுல, முறையா ஆபீசுக்குத் தூக்கினு போயி, காட்டி, எழுதி வாங்கினது. 'நட்சத்திர ஆமை ஒன்று. இடது பின்பக்க ஓட்டோரத்தில் சங்கிலித் துளை ஒன்று.' இந்த ஜெனராலைப் பாருங்க, எடது பின்பக்கம். சாக்குல மாட்டினதை ரேஞ்சரே பாத்துட்டாரு, அதுக்கு வலது. அப்போ அது இந்த வூட்டுது இல்ல. காட்டு மிருகம்."

"காட்டு மிருகம் தானே போயி ஓட்டை குத்திக்கினு வந்துச்சா?" என்றான் அம்மாவாசை.

"எவன் குத்தினா எனக்கு என்ன? சட்டம் தெளிவா இருக்கு. இந்த நாட்டுல பொறந்த ஆமை, உடும்பு, பாம்பு எல்லாமே வனவிலங்குதான். பாப்பியே இருந்தா வூட்டுப் பிள்ளை, இல்லன்னா காட்டு மிருகம்."

"பாப்பியே இல்லாத பிள்ளைங்க ஊர்ல எத்தனையோ இருக்குது முசே. யாரையும் சாக்குல போட்டு பஸ் ஏத்தல."

பெர்னதெத் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். குரலில் தேன் ஒழுகியது. அம்மாவாசைக்கு அந்தக் குரல் தெரியும். அது வந்தால் யாருக்கோ பொறி வைத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

"நீங்க சொல்றதுதான் நியாயம் முசே. எனக்கும் அந்தப் பொம்பளைகிட்ட பதில் சொல்லணுமே. ரெண்டே வரி எழுதிக் குடுத்துடுங்க. சாக்குல இருந்த ஆமை உங்களுது இல்ல, உங்க வூட்டுலேருந்து எதுவும் காணாமப் போவல. அவ்வளவுதான், நான் இந்தக் கேசை விட்டுடறேன்."

அருளானந்தம் ஒரே மூச்சில் எழுதினார். கையெழுத்துக்கு அடியில் பட்டையாக ஒரு கோடு இழுத்தார். போதாதென்று மேஜை இழுப்பறையிலிருந்து தன் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, ஊதி, ஓங்கிக் குத்தினார். சொந்தப் பெயரில் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்கிற மனிதனைப் பார்த்தால் அம்மாவாசைக்கு எப்போதுமே அருவருப்புத்தான்.

தெருவுக்கு வந்ததும் அவன் அடக்கி வைத்ததைத் துப்பினான்.

"ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. இங்க பாத்தீங்களா? ஆமை பூந்துதான் மாடி எடுத்திருக்கான். பழமொழியையே பொய்யாக்கின ஆளு."

"அமீனா இன்னும் பூரலையே" என்றாள் பெர்னதெத். "சரி, காலையில கன்னியம்மாள் சொன்ன ரெண்டையும் சொல்லு பாக்கலாம்."

"ஒண்ணு, அந்த வூட்டுக்கு தெனம் எட்டுக் கட்டு கீரை வாங்கிக் குடுக்குது. ஐயா கீரையைக் கையால தொட மாட்டாரு, மொத்தமும் ஆமைக்குத்தானாம். ஒரு ஆமைக்கு எட்டுக் கட்டு! நம்ம மில் கேன்டீன்லயே நாலு கட்டுதான்."

"ரெண்டு?"

"மூலக்குளத்து ஆசாரி கலியபெருமாள் அடிக்கடி வர்றாராம். நாற்காலி ரிப்பேருக்குன்னு பேரு. ஆனா ரம்பம் இல்ல, உளி இல்ல, இழைப்புளி இல்ல. வெறும் துறப்பணம் மட்டும்தான் கையில."

"ஓட்டை போட மட்டும் வர்ற ஆசாரி. ஏறு சைக்கிள்ல."

சோலெக்ஸ் புகை கக்கிக்கொண்டு வில்லியனூர் சாலையில் போயிற்று. பின்னால் அம்மாவாசை நாக்கு தள்ள மிதித்தான்.

கலியபெருமாள் ஆசாரியின் பட்டறை சாலையோரத்துப் புளியமரத்தடியில் இருந்தது. பாதி கட்டிய மாட்டு வண்டி ஒன்று நுகத்தடி இல்லாமல் குப்புறக் கிடந்தது. ஆசாரி சோற்றுத் தூக்கை மூடிவிட்டு வாய் கொப்பளித்தார். அறுபது வயது. கையில் தழும்பு, மனசில் கள்ளம் கிடையாது. கேட்டதும் சொல்லிவிட்டார்.

"ஆமைக்கு ஓட்டை போட்டது நான்தாம்மா. துறப்பணத்துக்கு ரெண்டு சுத்து. நோவாது, நகம் வெட்டற மாதிரிதான். ஏன், எதனா ஆயிடுச்சா?"

"எத்தனை ஆமைக்குப் போட்டீங்க?"

"இந்த வருஷம் பதினொண்ணு."

அம்மாவாசை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டான். "பதினொண்ணா! எதுக்குன்னு கேக்கலியா ஆசாரி?"

"பெரிய வூட்டு விஷயம், நமக்கு எதுக்குப்பா? எதனா வேண்டுதல் இருக்கும்னு நெனச்சேன். மொட்டை போடறதில்லையா, காது குத்தறதில்லையா, அது மாதிரி."

"எல்லாத்துக்கும் ஒரே எடத்துலயா?" என்று கேட்டாள் பெர்னதெத்.

"அச்சு வார்த்தாப்புல. ஐயா அந்தக் கண்ணாடி போட்ட காயிதத்தை மடியில வெச்சிக்கினு பக்கத்துலயே குந்தியிருப்பாரு. எடது பின்பக்க ஓரம்னு படிப்பாரு, நான் போடுவேன். ஒண்ணுகூட பெசகல."

அம்மாவாசைக்கு விளங்கிவிட்டது. செத்துப்போன தாத்தாவின் பெயரை ரேஷன் கார்டில் வைத்துக்கொண்டு மாசா மாசம் சர்க்கரை வாங்குவார்களே, அதே வேலை. ஒரு காகிதம், பதினோரு ஆமை. எவன் வந்து சோதித்தாலும், அப்போது மரத்தடியில் கட்டிக் கிடப்பது எதுவோ அதுதான் ஜெனரால். மற்றதெல்லாம் சாக்கில் ஏறி, மெட்ராஸ் போய், கப்பலேறி யாரோ ஒரு துரை வீட்டுக் கம்பளத்தில் செல்லப்பிராணியாக ஊர்ந்துகொண்டிருக்கும். இதற்குப் பிள்ளைப் பாசம் என்று பெயர். த்தூ.

"ஆனா மதாம்," என்றான், "இது கண்ணையனைக் காப்பாத்தாது. சாக்குல இருந்தது வலப்பக்க ஓட்டை. ஆசாரி போட்ட பதினொண்ணுல அது இல்ல. காயிதமும் இடதுன்னுதான் சொல்லுது. அந்த ஆமை எங்கேருந்து வந்துச்சு?"

பெர்னதெத் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை. ஆசாரியிடம் திரும்பினாள்.

"ஆசாரியாரே, எது எடதுன்னு எப்புடி முடிவு பண்ணீங்க?"

ஆசாரி சிரித்தார். "வண்டி செய்யறவனைக் கேக்கற கேள்வியாம்மா இது? பின்னால குந்திப் பாத்தா எது எடதோ அதான் எடது. எடத்த மாடு எது, வலத்த மாடு எதுன்னு மாட்டுக்கு முன்னால போயி நின்னா பாக்குறாங்க?"

"முன்னால நின்னு பாத்தா?"

"மாறிப் போவும். முன்னால நிக்கறவன் முட்டாப்பையன்."

"இல்ல ஆசாரியாரே," என்று பெர்னதெத் மெதுவாகச் சொன்னாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "முன்னால நிக்கறவன் ஆபீசர்."

ஆசாரியையும் துறப்பணத்தையும் சைக்கிள் பின்னால் ஏற்றச் சொல்லிவிட்டு அவள் பறந்தாள். முன்னால் நிற்பவன் ஆபீசர் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவாசை வழியெல்லாம் யோசித்தான். ஆசாரியின் கனத்தில் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

உப்பளத்து வன உயிர்ப் பதிவு அலுவலகம் ஒரு பழைய கிடங்கு. வராந்தாவில் கண்ணையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு காவலர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் படிக்குக் கீழே, வெயிலில். அவளைப் பார்த்ததும் அம்மாவாசை வாய்க்கு வந்த வேடிக்கையை விழுங்கிக்கொண்டான்.

முற்றத்து மணலில் சாக்கு ஆமையை விட்டிருந்தார்கள். அதற்குச் சங்கிலி இல்லை, முளை இல்லை, சுற்றிலும் வேலிகூட இல்லை. ஆனாலும் அது எங்கேயும் போகவில்லை. வட்டமாக நடந்துகொண்டிருந்தது. சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தாண்டி, மறுபடியும் அதே சுற்று. மணலில் தடம் பதிந்து, மாமரத்தடியில் பார்த்த அதே அளவு வட்டம் விழுந்திருந்தது.

"மதாம்..." என்றான் அம்மாவாசை.

"பாத்தேன்" என்றாள் பெர்னதெத். குனிந்து அதன் துளையைக் காட்டினாள். வலது பின்பக்கம். பாம்படம் போட்டுப் போட்டு இழுபட்ட காது மாதிரி அந்தத் துளை நீண்டு, வழவழத்துப்போயிருந்தது.

உள்ளே ரேஞ்சர் ஜானகிராமன் கோப்பு கட்டிக்கொண்டிருந்தார். நேர்மையான மனிதர்தான். ஆனால் கண்ணால் பார்த்ததைவிடக் காகிதத்தில் படித்ததை நம்புகிற நேர்மை. எதிரே அருளானந்தம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ரேஞ்சர் சொல்லியிருந்ததால், தோட்டத்து ஆமையைப் பிரம்புக் கூடையில் வெல்வெட் மெத்தை போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

"கேசை விட்டுட்டதா சொன்னீங்களே மதாம்?"

"விட்டாச்சு முசே. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." பெர்னதெத் ரேஞ்சரிடம் திரும்பினாள். "சார், கோர்ட்டுல சாக்கு ஆமைக்கு ஒரு விவரக் குறிப்பு கேப்பாங்க. முசேயோட சான்றுல கையெழுத்து போட்டிருக்காரே, அதே எழுத்தர் எழுதினா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம், இல்லையா?"

"எழுதிட்டாப் போச்சு. சுப்பிரமணியன்!"

எழுத்தர் சுப்பிரமணியன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். பியூன் ஆமையைத் தூக்கிவந்து, வாலை அவர் பக்கம் வைத்து இறக்கினான்.

"யோவ்!" என்று சுப்பிரமணியன் அலறினார். "ஆபீஸ் மேஜை மேல எழுதறவனுக்குப் பின்பக்கத்தையா காட்டி வைப்பே? மரியாதை தெரியாது? திருப்பி வை!"

பியூன் திருப்பி வைத்தான். ஆமை இப்போது முகத்தை எழுத்தருக்குக் காட்டியது. சுப்பிரமணியன் குனிந்து பார்த்து, எழுதி, மை ஒற்றி, ரேஞ்சரிடம் நீட்டினார்.

ஜானகிராமன் படித்தார். நெற்றி சுருங்கியது. "'இடது பின்பக்க ஓட்டோரத்தில் சங்கிலித் துளை ஒன்று.' என்னய்யா இது? வலதுய்யா அது!"

"இல்ல சார், எடதுதான். இதோ, என் எடது கைப் பக்கம்தானே இருக்கு?"

பெர்னதெத் பிரம்புக் கூடையைக் காட்டினாள்.

"அடுத்து முசேயோட பிள்ளையையும் மேஜை மேல வைங்க. மரியாதையா வைங்க" என்றாள் பெர்னதெத்.

வைத்தார்கள். முகம் எழுத்தரைப் பார்த்தபடி. சுப்பிரமணியன், உலகத்தில் தவறு என்று ஒன்று இருப்பதே தெரியாத நிதானத்தோடு, எழுதினார்: வலது பின்பக்க ஓட்டோரத்தில்.

அம்மாவாசைக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. முன்னால் நிற்பவன் ஆபீசர்! இந்த ஊரில் ஆபீசருக்கு முன்னால் மனுஷன் மட்டுமில்லை, ஆமையும் முதுகைக் காட்டக் கூடாது.

"சார்," என்றாள் பெர்னதெத், "எழுபத்தாறுல இவர் பழைய ஜெனராலைத் தூக்கினு வந்து, ஆபீசருக்கு மரியாதையா, மூஞ்சைத் திருப்பி வெச்சாரு. வலது ஓட்டை காயிதத்துல எடது ஆயிடுச்சு. அன்னியிலேருந்து இவர் காயிதத்தைத்தான் பாத்தாரு, ஆமையைப் பாக்கல. பிள்ளை பிள்ளைன்னு சொன்னாரே, அந்தப் பிள்ளைக்கு எந்தக் காதுல ஓட்டைன்னு ஒருநாளும் தெரியாது. காயிதத்தைப் படிச்சுப் பதினோரு ஆமைக்கு எடப்பக்கம் ஓட்டை போட்டாரு. இதோ போட்ட ஆசாரி, கேட்டுக்கோங்க."

கலியபெருமாள் துறப்பணத்தை நெஞ்சோடு அணைத்தபடி தலையை ஆட்டினார். "பதினொண்ணு சார். வேண்டுதல்னு நெனச்சேன்."

"போன வாரம் நீங்க சோதனைக்கு வரப் போறதா நோட்டீஸ் அனுப்பினீங்க. இவர் மொத மொதலா நிஜ ஜெனராலைப் பின்னாலேருந்து பாத்தாரு. வலது! காயிதத்துக்கு ஒத்து வரல. பயந்து போயி, ஒத்து வர்ற போலியை மரத்துல கட்டிட்டு, ஒத்து வராத பிள்ளையைச் சாக்குல போட்டு அனுப்பிட்டாரு. சார், அந்த வூட்டுல சட்டப்படி இருந்தது ஒரே ஒரு ஆமை. அதைத்தான் இந்தப் புத்திசாலி வெளியே போட்டிருக்காரு."

ரேஞ்சர் மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

அருளானந்தம் சட்டென்று எழுந்தார். அந்த மனிதனுக்கு வெட்கம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை அம்மாவாசை அப்போதுதான் முழுசாகக் கண்டான். ஒரே விநாடியில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்போ இதுதான் என் ஜெனராலா! ஐயோ, என் பிள்ளை! சார், அவன் திருடியிருக்கான் சார்! என் வூட்டுச் செல்லத்தைத் திருடினு போயிருக்கான்! திருட்டுக் கேஸ் போடுங்க!"

வெளியே படிக்குக் கீழே கன்னியம்மாள் 'ஐயோ' என்று வாயைப் பொத்தினாள்.

பெர்னதெத் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ரேஞ்சர் முன்னால் வைத்தாள்.

"'சாக்கில் இருந்த ஆமை என்னுடையது அல்ல. என் வீட்டிலிருந்து எந்தப் பொருளும் எந்த உயிரும் காணாமல் போகவில்லை.' கையெழுத்து. கீழே கோடு. கோட்டுக்குக் கீழே ஸ்டாம்ப்."

"காணாமப் போவாதது எப்புடி முசே திருட்டுப் போவும்?" என்றான் அம்மாவாசை. "மடியில இருந்தா செல்லம், வேலைக்காரன் சாக்குல இருந்தா வனவிலங்கு, மாட்டிக்கினா மறுபடியும் செல்லம். ஆமைகூட ஒரு ஓட்டோட திருப்தியா இருக்கு. உங்களுக்கு எத்தனை ஓடு?"

அருளானந்தம் உட்கார்ந்துவிட்டார். ரேஞ்சர் வீட்டைச் சோதிக்க ஆள் அனுப்பத் தொப்பியை எடுத்தபோது, அவரே தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கடைக்குப் பின்னால... காலித் தொட்டியில ஆறு இருக்கு."

"ஆறோட இது ஒண்ணு, சாக்குல போனது ஒண்ணு, எட்டு" என்று வெல்வெட் மெத்தையைக் காட்டினான் அம்மாவாசை. "ஆளுக்கு ஒரு கட்டு கீரை. கணக்கு சரியாப் போச்சு."

மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கக் கிளம்பியவர் அருளானந்தம். ஜீப்பில் ஏறும்போதும் ஜிப்பா கசங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டுதான் ஏறினார்.

கண்ணையனை விட்டுவிட்டார்கள். ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள், அவ்வளவுதான். காலிச் சாக்கையும் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். பியூன் பழைய ஜெனராலைக் கொண்டுபோய் மறுபடியும் முற்றத்து மணலில் விட்டான். சுப்பிரமணியன் பேனாவோடு வராந்தாவுக்கு வந்தார்.

"மேடம், இந்த ஆமையை எந்தப் பத்தியில எழுதறது? வளர்ப்புப் பிராணின்னா சொந்தக்காரர் வேணும், அவர் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. வனவிலங்குன்னா காட்டுல விடணும்."

பெர்னதெத் முற்றத்தைப் பார்த்தாள். ஆமை தன் வட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்த பக்கம் வரும்போதும் அதே இடத்தில் திரும்பியது.

"வனவிலங்குன்னே எழுதுங்க" என்றாள். "அதுக்குத்தான் இன்னும் தெரியாது."

இதற்கு ஏதாவது ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும் என்று அம்மாவாசை தேடினான். கிடைக்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம்.

கண்ணையன் சாக்கை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். எல்லோரையும் ஒருமுறை கும்பிட்டான். பிறகு வெயிலை அண்ணாந்து பார்த்தான்.

"மணி இன்னா ஆவுதுங்க?"

"மூணரை" என்றான் அம்மாவாசை.

"ஐயா வூட்டு ரோசாவுக்குத் தண்ணி ஊத்துற நேரம். நேத்தும் ஊத்தல. நான் போவட்டுங்களா?"

கன்னியம்மாள் எழுந்து வந்தாள். அவன் கக்கத்திலிருந்து சாக்கைப் பிடுங்கி மணலில் வீசினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நம்ம வூடு இந்தப் பக்கம்" என்று இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தெருமுனை போவதற்குள் அவன் இரண்டு தடவை ஐயா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் பிடியை விடவில்லை.